பொனட்டுக்குள் வைத்த போன்

காரில் ஏதும் சத்தம் கேட்டால் உடனே வொய்ஸ் எடுத்து அனுப்பு என்று என் கணவர் சொல்லியிருந்தார். அவர் கட்டாரில் டிரெய்லர் ஓட்டுகிறவர். எந்த வாகனமாக இருந்தாலும் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவாராம். கல்யாணமான புதிதில் நானும் இதை வாயைப் பிளந்துகொண்டு கேட்டவள்தான்.

வீடு எனக்குச் சீதனமாக வந்தது. கார் அவர் பெயரில். நாவற்குடாவிலிருந்து சித்தாண்டிக்குப் படிப்பிக்கப் போய்வந்தது அந்தச் சின்ன வெள்ளைக் காரில்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒருவருக்கும் பதில் சொல்லாமல் இருக்கிற அந்த முக்கால் மணித்தியாலம்தான் ஒரு நாளில் எனக்கென்று இருந்தது. கணவரின் அம்மாவான மாமிக்கு அது பொறுக்காது. பொம்பிளைக்கு என்னத்துக்குக் கார் என்று எனக்குக் கேட்கும்படியாகவே அயலில் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் வேகத்தைக் கூட்டும்போது கீழேயிருந்து டொக் டொக் என்று ஒரு தட்டல் வந்தது. காலை எடுத்தால் குறைந்தது. பள்ளி விட்டு வரும் வழியில், ஏறாவூரில் ஒரு கராஜில் நிறுத்தினேன். கணவர் சொன்னபடி போனைப் பதிவில் போட்டுப் பொனட்டுக்குள் ஓர் ஓரமாக வைத்தேன்.

மெக்கானிக் என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை என்ஜினில் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்டான். மேலே தட்டினால் அது டெப்பட், சின்ன வேலை, சரிசெய்து விடலாம், இது கீழே தட்டுகிறது என்றான். பிறகு பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினான். மூன்றாவதைக் கழற்றியதும் சத்தம் அடங்கியது. மாட்டியதும் திரும்பி வந்தது. என்னையும் காதை வைத்துக் கேட்கச் சொன்னான். பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவது போலிருந்தது.

"பிக்-என்ட் பெயாரிங் போயிட்டு டீச்சர். இதோட ஓட்டாதீங்க. நடுறோட்டில நிண்டிருவீங்க."

அவ்வளவும் பதிவாகியிருந்தது. அப்படியே அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது.

"ஆர் அவன்?"

என்ன வயது, கலியாணம் முடித்தவனா, குரல் ஏன் இவ்வளவு கிட்டக் கேட்கிறது என்று அடுக்கினார். பெயாரிங் போய்விட்டதாம் என்று நான் சொன்னதற்கு, அது வெறும் டெப்பட், அவன் காசுக்காகக் கதைக்கிறான், இனி அந்தக் கராஜ் பக்கம் போகக்கூடாது என்றார். சரியாகக் கண்டுபிடிக்க, என்ஜின் ஆறியிருக்கும்போது எடுத்த சத்தம் வேண்டுமாம். தினமும் காலையில் வெளிக்கிட முன் ஒன்று, வந்து சேர்ந்ததும் ஒன்று அனுப்பச் சொன்னார். மடச்சி, நம்பினேன்.

காரை வேகமாகத் துரத்தாமல், சைக்கிள்காரர்களும் என்னை முந்திப் போக, ஊர்ந்து ஊர்ந்து போய்வந்தேன். வொய்ஸும் தவறாமல் போனது. கோழி கூவுகிறதே, நம்முடைய வளவில் கோழி இல்லையே என்று ஒரு நாள் கேட்டார். மோட்டார்சைக்கிள் ஒன்று வந்து நின்றதே, அது யாருடையது என்று இன்னொரு நாள். நேற்றைவிட இருபது நிமிஷம் பிந்தி அனுப்பியிருக்கிறாய் என்று வேறொரு நாள். தட்டல் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டு வந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தது காரை அல்ல என்று விளங்கியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வொய்ஸ் அனுப்புவதை நிறுத்தினேன்.

மூன்றாம் நாள், சனிக்கிழமை, அவருடைய தம்பி வந்து கார்த் திறப்பைக் கேட்டான். கார் இனித் தன்னிடம் நிற்கட்டும் என்று அண்ணன் சொன்னாராம். மாமியும் கூட வந்திருந்தார். கதிரவெளியில் மாமியின் தங்கச்சி வீட்டுக்குப் போகிறார்களாம். மாமி முன் சீற்றில் ஏறி, சேலையை ஒதுக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இனி நீ பஸ்ஸில போ புள்ள. ஊரில மத்தப் பொம்புளையள் எல்லாம் அப்பிடித்தானே போறாளுகள்."

தம்பி ஸ்டார்ட் பண்ணினான். தட்டல் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. அவன் முகம் மாறியது.

"இதென்ன மச்சாள் சத்தம்?"

கதிரவெளி எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். வழியில் காடும் வெயிலும் தவிர ஒன்றுமில்லாத இடங்கள் இருப்பதும் தெரியும். மாமிக்குப் பிரஷர் இருக்கிறது என்றும் தெரியும்.

"டெப்பட் எண்டு உங்கட அண்ணன் சொன்னவர்" என்றேன்.

அண்ணன் சொன்னால் அதற்குமேல் கேள்வி ஏது? போனார்கள். நான் படலையைச் சாத்திவிட்டு வந்து தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். நல்ல ருசியாக இருந்தது.

பனிச்சங்கேணிப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் உள்ளே பிஸ்டன் தண்டு முறிந்து, என்ஜினைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஒயில் முழுக்க றோட்டில். இழுத்துப்போக வாகனம் வரும்வரை மூன்று மணித்தியாலம் மாமி நிழலில்லாத றோட்டோரத்தில் குந்தியிருந்தார். ஒரு கிழமை பாயை விட்டு எழும்பவில்லை. தினமும் சோறும் ரசமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீங்கிய கால்களைப் பார்த்தேன். பாவம் என்று மனம் சொல்லவில்லை.

கார் நின்ற அன்று பின்னேரமே கணவர் போன் எடுத்துக் கத்தினார். இவ்வளவு பெரிய பழுதென்று ஏன் முதலே சொல்லவில்லையாம். நான் குரலை உயர்த்தவில்லை. போனை வைத்துவிட்டு, கராஜில் எடுத்த அந்த முதல் வொய்ஸைத் திரும்ப அனுப்பினேன். எத்தனை தரம் போட்டுக் கேட்டிருப்பார் அதை. இந்த முறை அவன் சொல்வதைக் கேளுங்கள் என்று கீழே எழுதினேன்.

கார் இப்போது ஒரு கராஜின் பின்பக்கம் புல்லுக்குள் கிடக்கிறது. எனக்கு இனிக் கார் இல்லை. காலையில் பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போகிறேன். அந்தச் சனிக்கிழமை வாயைத் திறந்திருந்தால் என்றைக்காவது அது என்னிடம் திரும்பியிருக்கலாம்.

அந்த வொய்ஸ் போய் இரண்டு நாள் கழித்து அவருடைய பதில் வந்திருந்தது.

"நீ நடுறோட்டில நிண்டா அவனுக்கென்ன?"

நடுறோட்டில் நின்றது அவரைப் பெற்றவள். அது அவருக்கு உறைக்கவில்லை. எனக்கும்தான்.