பேல் ஆங்கரின் ஏழாவது பாட்டு

என் அண்ணன் பிரத்யும்னனுக்கு முப்பத்தோரு வயது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் ஏற்றுமதிப் பத்திரங்கள் தயாரிக்கிறான். வாரத்தில் ஆறு நாள் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறவன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறுப்புப் பனியன் போட்டு, வாழ்க்கையில் எல்லாவற்றையும் இழந்தவனாகிவிடுவான். எனக்குத் தெரிந்து அவன் இதுவரை இழந்தது ஒரு குடையும் ஒரு கடைவாய்ப்பல்லும்தான்.

அவன் வாசிப்பது மெட்டல்கோர். கேட்டிராதவர்களுக்குச் சொல்லிவிடலாம், அதிக நேரம் ஆகாது. முதலில் கிட்டார்கள் உறுமும், பாடகன் தொண்டை கிழியக் கத்துவான். பிறகு திடீரென்று தேன் குரலில் ஒரு பல்லவி, யாரோ விட்டுப்போன துக்கத்தில். மறுபடி கத்தல், மறுபடி தேன். இரண்டரை நிமிடம் தாண்டியதும் எல்லாம் ஒரு நொடி நின்று, கிட்டார்கள் மெதுவாகக் கனத்து இறங்கும். அதற்கு பிரேக்டவுன் என்று பெயர். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இதை முதலில் கேட்டவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். இன்றைக்கு அது கல்யாணப் பந்தியில் ரசத்துக்குப் பின் மோர் வருவதுபோல வருகிறது. இலையிலிருந்து தலையைத் தூக்காமலே கையை நீட்டலாம்.

குழுவின் பெயர் பேல் ஆங்கர். வெளிறிய நங்கூரம் என்று அர்த்தம். பெயர் வைத்த அன்று டிரம்மர் லிங்கராஜ் ஒரு கேள்வி கேட்டான்.

“ஏலே, நங்கூரம் துருப்பிடிக்கும். வெளுத்துப்போன நங்கூரத்த நீ எங்கன பாத்த?”

“அது ஒரு உருவகம்லே.”

“ஹார்பர்ல வேலை பாக்கவனுக்கு உருவகம் ஒரு கேடு.”

லிங்கராஜ் ஆத்தூர்க்காரன். வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால். இவன் மட்டும் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறான். குழுவில் இருந்த மற்ற இருவரில் ஒருவன் துபாய்க்கும் ஒருவன் கப்பல் வேலைக்கும் போய்விட்டதால், நான்கு வருடமாக பேல் ஆங்கர் என்றால் இவர்கள் இரண்டு பேரும் ஒரு லேப்டாப்பும்தான்.

ஆல்பம் தயாராக இரண்டு வருடம் பிடித்தது. ஒன்பது பாட்டு. எதிரொலி விழக்கூடாது என்று அண்ணன் பீரோவைத் திறந்து துணிகளுக்குள் தலையை விட்டுக் கத்துவான். அம்மா ஒரு நாள் வாசலில் வந்து நின்றாள்.

“ஏண்டா, பெருமாளுக்குத் தளிகை பண்ற புடவை அதுலதான் இருக்கு. எல்லாம் எச்சலாயிடுத்து.”

“டேக் போயிண்டிருக்கும்மா!”

“எங்க வேணா போகட்டும். முதல்ல தலைய வெளில எடு.”

அன்றிலிருந்து ஆல்பம் முடியும்வரை அம்மாவின் மடிப்புடவைகள் கொடியில்தான்.

பாட்டெல்லாம் ஆங்கிலம். பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தான். பிழை இல்லை, வேறு எதுவுமே இல்லை. ஒன்பது பாட்டில் ‘சாம்பல்’ பதினான்கு தடவை வந்தது. ஏழு பாட்டில் அவன் கடலில் மூழ்கினான். இந்தக் கரையில் நிஜமாகவே மூழ்கிப்போனவர்களின் வீடுகள் எத்தனையோ உண்டு. என் அண்ணன் கடலில் இறங்கியது கணுக்கால் வரைக்கும், அதுவும் பேண்ட்டை மடித்துக்கொண்டு. முதல் பாட்டின் தொடக்கத்தில் உள்ளூர் மணம் வேண்டும் என்று துறைமுகத்தில் ஒரு கப்பலின் ஊதலைப் பதிவு செய்து வந்தான். நன்றாக இருந்தது. பிறகு கிட்டாரோடு சேரவில்லை என்று அதை இறக்கி, இழுத்து, தேய்த்து, கடைசியில் உலகத்தில் இருக்கும் எல்லா மெட்டல்கோர் ஆல்பங்களும் எந்தச் சத்தத்தில் தொடங்குமோ அந்தச் சத்தமாக ஆக்கினான். அதற்கு அவனுக்கு மூன்று வாரம் ஆனது.

அவன் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். ஆபீஸில் புதிய சரக்குக்குப் பத்திரம் போட யாரும் புதிதாக எழுதுவதில்லை. பழைய ஃபைலைத் திறந்து, பெயரை மாற்றி, சேமித்துவிடுவார்கள். ஒரு தடவை இறால் போன ஃபைலைத் திறந்து உலர்பூவுக்குப் பெயர் மாற்றினான். இறாலின் வரி ஒன்று அப்படியே தங்கிவிட்டது. காய்ந்த பூவை மைனஸ் பதினெட்டு டிகிரியில் ஏன் வைக்க வேண்டும் என்று ராட்டர்டாமிலிருந்து மரியாதையாகக் கேட்டு எழுதினார்கள். பாட்டையும் அவன் அப்படித்தான் செய்தான். முதல் பாட்டின் ஃபைலைத் திறந்து இரண்டாவது, அதைத் திறந்து மூன்றாவது. வேகம் ஒன்று, சுருதி ஒன்று, பிரேக்டவுன் விழும் இடம்கூட ஒன்று. டிரம்ஸைக் கம்ப்யூட்டரே வாசித்தது.

ஏழாவது மட்டும் வேறு. அது லிங்கராஜுடையது. கிரேனிலிருந்து இறங்கும் இரும்புச் சட்டம் கன்டெய்னரின் நான்கு மூலையிலும் உட்காரும்போது நான்கு தட்டும் ஒன்றாக விழாதாம். மூன்று விழும், நான்காவது கொஞ்சம் பிந்தி, மனசில்லாமல் விழும். எட்டு வருடமாக மேலே உட்கார்ந்து அதைக் கேட்டவன், அதிலிருந்து ஒரு தாளம் கட்டி, தன் சொந்த டிரம்ஸில் ஒரே மத்தியானத்தில் வாசித்துப் பதிவு செய்தான். அதற்கென்று கிட்டாரையும் அண்ணனைத் தனியாக வாசிக்க வைத்தான். அடுத்த அறையில் இருந்த நான் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். நான்காவது தட்டு வருமா வராதா என்று ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆல்பம் வெளியானது. பெங்களூரில் ஒரு இணையப் பத்திரிகை, ‘ஒரே சீரான தரம்’ என்று எழுதியது. ஏழாவது பாட்டில் குழு உச்சத்தைத் தொடுகிறதாம். அங்கே ஒரு நிகழ்ச்சிக்கும் கூப்பிட்டார்கள். அண்ணன் நடையே மாறிவிட்டது.

ஒன்பதாம் நாள் லிங்கராஜ் வேலைச் சட்டையோடு நேரே வீட்டுக்கு வந்தான்.

“ஏழாவது பாட்ட நீ கேட்டியாலே?”

“முப்பது தடவ கேட்டிருப்பேன்.”

“டீ நேரத்துல ஒரு போனச் சுத்தி ஆறு பேரு நின்னு கேட்டோம். நம்ம கிரேன் சத்தத்துல பாட்டுன்னு ஒரு வாரமா சொல்லி வச்சிருந்தேன். கூட வேலை பாக்க தளவாய் கேக்கான், ‘எங்கலே நம்ம கிரேனு?’ன்னு. மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க?”

அண்ணன் லேப்டாப்பைத் திறந்து பார்த்தபோதுதான் நடந்தது தெரிந்தது. நான்காவது பாட்டின் ஃபைலைத் திறந்து, ஏழு என்று பெயர் மாற்றி, ஏழின் குரலை ஏற்றியிருக்கிறான். லிங்கராஜின் டிரம்ஸையும் புதிய கிட்டாரையும் ஏற்றுவதற்குள் ஆபீஸிலிருந்து போன். பேசி முடித்துவிட்டு, சேமித்து அனுப்பிவிட்டான். நான்காவது பாட்டின் இசைமேல் ஏழாவது பாட்டின் வரிகள் பிசிறில்லாமல் உட்கார்ந்திருந்தன. உலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. முப்பது தடவை கேட்டவனுக்கும் தெரியவில்லை.

“உலர்பூவுக்கு ஐஸ் வச்சவந்தானலே நீ,” என்றான் லிங்கராஜ். பிறகு குரல் இறங்கியது. “என் டிரம்ஸ் இருக்கா, போயிட்டா?”

“இருக்கு, இருக்கு. பத்திரமா இருக்கு.”

“அப்பம் மாத்திப் போட்டுரு. மத்த எட்டையும் நீயே வச்சுக்க. எனக்கு அந்த ஒரு பாட்டு போதும். அது இல்லாம பெங்களூருக்கு நான் வரல.”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள மாத்திருதேன்.”

சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் சரியான ஏழாவது பாட்டைத் தயார் செய்தான். ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிசையாகப் போட்டுக் கேட்டான். நானும் அந்த அறையில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஆறு பாட்டும் வழக்கம்போல் மூழ்கின. ஏழாவதில் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். எட்டாவது தொடங்கியதும் நிறுத்திவிட்டான்.

“ஜானு, இதைப் போட்டா மத்த எட்டும் செத்துப்போயிடறதுடி.”

“அப்போ அந்த எட்டை மாத்து.”

“ரெண்டு வருஷம்டி! அதுவும் பெங்களூர்க்காராளுக்குப் பிடிச்சது பழைய ஏழுதான்.”

“அது ஏழு இல்லை. நாலு.”

இரண்டு வருடத்தில் அன்றுதான் அவன் தன் ஆல்பத்தை முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்டிருந்தான். கேட்டதும் லேப்டாப்பை மூடினான்.

மறுநாள் ஒத்திகைக்கு வந்த லிங்கராஜ் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே கேட்டான்.

“மாத்திட்டியாலே?”

“இல்லலே. யோசிச்சுப் பாத்தேன். ஆல்பத்துக்குன்னு ஒரு ஃப்ளோ இருக்குல்ல. உன் பாட்டு தனியா துருத்திக்கிட்டு நிக்குது.”

“நல்லா இல்லன்னு சொல்லுதியா?”

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நல்லாதான்லே இருக்கு,” என்றான்.

லிங்கராஜ் பாக்கெட்டிலிருந்து பென் டிரைவை எடுத்து நீட்டினான். பாட்டு ஏறி முடியும்வரை பக்கத்திலேயே நின்று, அது திறக்கிறதா என்று போட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு டிரம்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றி லோடு ஆட்டோவில் ஏற்றினான். அம்மா காபி கொண்டுவந்தாள்.

“குடிச்சிட்டுப் போடா.”

“இன்னொரு நாள் வாரேன்மா.”

பெங்களூரில் லேப்டாப் டிரம்ஸ் வாசித்தது. நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. தலையாட்ட வேண்டிய இடத்தில் எல்லாரும் தலையாட்டியதாகத் திரும்பி வந்து சொன்னான். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அந்த இடம் எங்கே வரும் என்று போகும்போதே அவர்களுக்குத் தெரியும். யார்டில் ஆறு பேர் போனில் லிங்கராஜின் ஏழாவது பாட்டு இருக்கிறது. அண்ணனின் குரலை மட்டும் எடுத்துவிட்டானாம்.

போன வாரம் இரண்டாவது ஆல்பம் தொடங்கியது. இந்தத் தடவை ‘சாம்பல்’ கிடையாது, ‘தூசி’ என்றான் அண்ணன். நான் எட்டிப் பார்த்தேன். பழைய ஏழின் ஃபைலைத் திறந்து, ஒன்று என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்தான்.

“லிங்கராஜ் போன எடுக்க மாட்டேங்கறான்டி,” என்றான் திரும்பாமலே.

அடுத்த அறையில் அம்மா பீரோவிலிருந்து மடிப்புடவைகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.