வாய்க்காலில் இறங்கிய குட்டி

திருப்பனந்தாள் அருகே, அறுவடையான வயலில் எருவுக்காகக் கிடை கட்டியிருந்த செம்மறிகளை அடுத்த வயலுக்கு ஓட்டுகிறார்கள். குறுக்கே கணுக்கால் அளவுத் தண்ணீர் ஓடும் வாய்க்கால். மந்தை கரையிலேயே நின்றுவிடுகிறது. மேய்க்கும் அம்மா அதட்டவில்லை. புளியங்கொட்டை அளவே காதுள்ள ஒரு குட்டியைத் தூக்கி முன்னால் விடுகிறார்.

"இது என்ன இனங்க?" கரையில் நின்று கேட்கிறேன்.

"எங்க மாமனார் காலத்துல மந்தை முழுக்க இந்தச் சின்னக்காதுதாங்க. தண்ணிக்கு அஞ்சாது. பெரிய ஆடா வேணும்னு வெளியூர்க் கெடாவச் சேத்தோம், அந்த இனமே அத்துப்போச்சு. எப்பவாச்சும் ஒண்ணு இப்படிப் பொறக்கும். விக்கமாட்டோம்."

"தண்ணியில எறங்கப் பழக்கினீங்களா?"

"இன்னைக்குத்தாங்க மொதல்ல வாய்க்காலையே பாக்குது."

குட்டி தண்ணீரை ஒருமுறை மோந்து பார்க்கிறது. இறங்கி நடக்கிறது. கத்திக்கொண்டே தாய் இறங்குகிறது. பின்னால், மந்தை முழுவதும்.