மனம் மாறாதவர்

என் அக்கா புருஷன் நாள்காட்டி அடிக்கிற அச்சகத்தில் முப்பது வருஷம் இருந்தார். தினசரித் தாளில் நாளுக்கு ஒரு வேத வசனம் போட வேண்டும். பொறுக்கிக் கொடுப்பது அவர் வேலை. அங்கேயே தாள் வெட்டிக்கொண்டிருந்த நான், அவருடைய ஞானத்தைக் கிட்டத்தில் இருந்து அனுபவித்தவன்.

அவர் மேசையில் இரண்டு தகர டப்பாக்கள் இருக்கும். ஒன்றில் கடவுள் இரக்கமுள்ளவர் என்கிற சீட்டுகள், இன்னொன்றில் கடவுள் எரித்துவிடுவார் என்கிற சீட்டுகள். ஆறு இரக்கத்துக்கு ஒரு கோபம் என்பது ஏற்பாடு. கோபம் கூடினால் நாள்காட்டி விற்காது என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த முதலாளிக்குப் பயந்த அளவுக்கு அத்தான் கடவுளுக்குப் பயந்ததில்லை.

ஒரு வருஷம் கவனப்பிசகில் இரண்டு சீட்டுகள் அடுத்தடுத்து விழுந்துவிட்டன. ஜூன் பதினொன்று: கடவுள் மனிதனைப் போல மனம் மாறுகிறவர் அல்ல. ஜூன் பன்னிரண்டு: ஊரை அழிக்கக் கிளம்பிய கடவுள் மனம் மாறி விட்டுவிட்டார். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இரண்டு தாளையும் கிழித்துக்கொண்டு அச்சகத்துக்கே வந்தார்.

"இதுல எது சார் உண்மை?"

"ரெண்டும்தான். ஊர் ஜனங்க திருந்தினாங்க, தப்பிச்சாங்க. வெயில்ல நின்னவன் நிழலுக்கு நகர்ந்தா, சூரியனா மாறிடுச்சு?"

வாத்தியார் தலையாட்டிக்கொண்டு போய்விட்டார். வாய் மட்டும் இல்லாவிட்டால் அத்தானை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

இந்த மகானின் ஒரே மகள் ஒரு பேருந்து ஓட்டுநரைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள். ஒன்பது வருஷம் அவளை வாசல்படி மிதிக்க விடவில்லை. அக்காவுக்குச் சிறுநீரகம் போய், வைத்தியர் கைவிரித்த வாரம், அவள் வந்து கதவைத் தட்டினாள்.

"அவளை உள்ள விடுங்க. ஒரு தடவை பார்த்துக்கிறேன்" என்று அக்கா படுக்கையிலிருந்து கூப்பிட்டாள்.

அத்தான் நாற்காலியை விட்டு அசையவில்லை. "அவர் மாறாதவர். அவரை நம்புற நானும் மாறக்கூடாது."

"அத்தான், பாவம்..." என்றேன் நான்.

"நீ பேசாம இரு மச்சான்."

அக்கா நாலு தடவை கூப்பிட்டாள். அரைமணி நேரத்தில் தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் அக்கா போய்ச் சேர்ந்தாள்.

அத்தானுக்கு ஒரு தம்ளர் தண்ணீர்கூடச் சுட வைக்கத் தெரியாது. இரண்டு மாதம் கடைச் சாப்பாட்டில் வயிறு கெட்டது. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். இவருக்கு ஜூன் பதினொன்றும் சேர்ந்து பறந்தது.

"கடவுளே மனசு மாறினார், நான் எம்மாத்திரம்? போய் அவளைக் கூட்டிட்டு வா, மச்சான்" என்றார். எனக்குக் காறித் துப்பலாம்போல இருந்தது. ஆனாலும் போனேன்.

அவள் என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே முழுவதும் கேட்டாள்.

"அம்மா என்னைக் கேட்டாங்களா?"

"கேட்டாம்மா. உங்கப்பன் மனுஷனா? கல்லு. நான் எவ்வளவோ..."

"அன்னைக்கு வாசல்ல உங்க செருப்பும் கிடந்துச்சே, மாமா."