கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

போன மாதம் என் லேப்டாப் திடீரென்று மந்தமாகிவிட்டது. கம்ப்யூட்டரை வைத்துச் சோறு தின்கிறவன் நான். யாருக்கு என்ன கோளாறு என்றாலும் எனக்குத்தான் போன் வரும். அப்பேர்ப்பட்ட நான் செய்த முதல் காரியம், சமையலறைக்குப் போய் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து, அதன் நெற்றியைத் துடைத்ததுதான். என் மகள் பார்த்துவிட்டாள். "தூசும்மா" என்றேன். அவள் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு கதை உண்டு. விருந்துகளில் அதைச் சொல்லிப் பல வருடங்களாகச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். இத்தனை காலமும் தப்பாகச் சொல்லியிருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிந்தது.

அது 1991. எங்கள் ஊர் மண்ணூர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அன்று கம்பெனிகள் குறைவு. ஒரகடம் என்றால் வயலும் ஏரியும்தான் நினைவுக்கு வரும். அப்பா நெடுஞ்சாலையோரம் இருந்த ஓர் உதிரிபாகக் கம்பெனியில் மெஷின் ஷாப் சூப்பர்வைசர். அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடு இருந்தாள். பி.காம். முடித்துவிட்டு, தினமும் பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் போய் கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்திருந்தாள். வீட்டில் இருந்த மற்ற எல்லோரும் கம்ப்யூட்டரைக் காலண்டர் படத்தில் மட்டும் பார்த்தவர்கள்.

கோர்ஸ் விஷயம் கம்பெனி மேனேஜர் காதுக்குப் போயிற்று. மெட்ராஸ் ஆபீஸில் கழித்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று அவரிடம் வந்திருந்தது. அதற்கான கண்ணாடி அறையில் இன்னும் சிமெண்ட் காயவில்லை. "அதுவரை உங்க வீட்ல இருக்கட்டும். உங்க தங்கச்சி இந்த மாசச் சம்பளக் கணக்கை அதுல போட்டுக் காட்டட்டும். சரியா வந்தா வேலை அவங்களுக்கு" என்றார். அப்பாவுக்கு மேனேஜரிடம் மறுத்துப் பேசி வழக்கமில்லை. வீட்டுக்கு வந்து, "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு நடக்காது என்று பொருள். எனக்கு வாங்கித் தரவேண்டிய சைக்கிளையும் அவர் வெகுநாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்பாவின் பயத்திலும் நியாயம் இருந்தது. ஷாப்பில் பாதிப் பேர் ஊர்க்காரர்கள். அவர்களுடைய ஓவர்டைமை இவர் தங்கை கணக்குப் போட்டு அதில் ஒரு மணி நேரம் குறைந்தால், பேச்சு வாங்கப்போவது இவர்தான். போதாததற்கு அப்போது யூனியன் 'கோ-ஸ்லோ' நடத்திக்கொண்டிருந்தது. எல்லோரும் நேரத்துக்கு வருவார்கள், மெஷினை ஓட்டுவார்கள், ஆனால் மாட்டு வண்டியைப் போல ஓட்டுவார்கள். அதை முன்னின்று நடத்தியவர் பக்கத்து வீட்டு மாமா. ஷாப்பில் அவர் அப்பாவுக்குக் கீழே, யூனியனில் அப்பாவுக்கு ரொம்ப மேலே.

இந்த நிலையில் ஆயுத பூஜை வந்தது.

கம்பெனியில் லேத்துகளுக்குப் பூஜை போடுவது அப்பாதான். அவர் பொட்டு வைத்தால் அடுத்த வருடம் வரை போகாது. சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமத்தைக் கட்டைவிரலால் முத்திரை குத்துவதுபோல அழுத்துவார். வீட்டிலும் அரிவாள்மனை, சைக்கிள் பம்ப், என் ஜியோமெட்ரி பாக்ஸ் எல்லாம் முடித்துவிட்டுக் கம்ப்யூட்டரிடம் வந்தார். திரைக்கு நெற்றியில் ஒன்று, கீழே இருந்த பெட்டியின் நான்கு மூலைக்கும் ஒவ்வொன்று, பெட்டியின் முகத்தில் எது எது துருத்திக்கொண்டிருந்ததோ அதற்கெல்லாம் ஒவ்வொன்று. அம்மா கற்பூரம் காட்டினாள். அன்று முழுவதும் அதற்கு விடுமுறை.

மறுநாள் காலை அத்தை அதை எழுப்பினாள். பூஜைக்கு முன்னால் ஆட்களின் பெயர்கள் திரையில் பச்சைப் பச்சையாக விருட்டென்று மேலே ஓடும், படிக்கவே முடியாது. அன்றைக்கு ரேஷன் கடை வரிசைபோல ஒவ்வொரு பெயராக நகர்ந்தது. அத்தை கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ஸ்லோவா ஓடுதுண்ணா."

அப்பா முகத்தில் வந்ததற்குப் பெயர் நிம்மதி என்பது அன்று எனக்குத் தெரியாது. "மெஷினுக்கே ஒத்துக்கல பாரு. உடு, திருப்பி அனுப்பிடலாம்" என்றார்.

"அனுப்பிடலாம்ணா" என்றாள் அத்தை, ரொம்பப் பணிவாக. "உங்களால சரிபண்ண முடியலன்னு மேனேஜர்கிட்ட நானே சொல்லிடறேன்."

"யாரால முடியல?" என்றார் அப்பா. சட்டையைக் கழற்றி மாட்டினார்.

முதல் சந்தேகம் லோ வோல்டேஜ். எங்கள் ஊரில் எந்நேரமும் மின்விசிறியே யோசித்து யோசித்துத்தான் சுற்றும்; கம்ப்யூட்டர் மட்டும் எப்படி ஓடும்? வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தார். பக்கத்து வீட்டுக்குப் போய், கிணற்று மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பெயர்கள் அப்படியேதான் நகர்ந்தன. அடுத்தது சூடு. டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினார். நாங்கள் வியர்த்தோம், அது அசையவில்லை. அப்புறம் திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பெல்ட் இல்லை, பல்சக்கரம் இல்லை. "எண்ணெய் உடவே எடம் இல்லியே, அப்புறம் எப்படி இது ஓடும்?" என்று கேட்டவர் கையில் எண்ணெய்க் கேன் இருந்தது. அத்தை பதறிப்போய் அவர் கையைப் பிடித்தது அந்த ஒரு முறைதான்.

கடைசியில் கம்பெனியிலிருந்து ரசமட்டம் கொண்டுவந்தார். லேத் மட்டமாக உட்காரவில்லை என்றால் வேலை கெடும், இதுவும் மெஷின்தானே. மேஜைக்கால்களின் அடியில் அட்டையை மடித்து மடித்து வைத்தார்.

ஒவ்வொரு வைத்தியம் முடிந்ததும் அத்தை கணக்கை ஓட்டிக் காட்ட வேண்டும். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நகரும் பெயர்களைப் படிப்பார். அவ்வளவு மெதுவாக வந்ததால் எல்லாவற்றையும் படிக்க முடிந்தது. "இவன் ஞாயித்துக்கெழமை வந்தானே, சேத்தியா?" "சேத்துட்டேண்ணா." "இவன் ரெண்டாவது ஷிப்ட்டுக்கும் நின்னான்." "அதுவும் கீதுண்ணா, பாருங்க." அப்பா "ம்" என்பார். அளவெடுத்துச் சரியாக இருந்த பாகத்தைக் கீழே வைக்கும்போது அவர் சொல்கிற "ம்" அது.

இரண்டாம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு மாமா வந்தார். மோட்டாரை எதற்கு நிறுத்தச் சொன்னார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. வாசற்படியில் நின்றபடி திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சூப்ரவைசரே, உங்க வூட்டு மெஷினும் கோ-ஸ்லோவா? எங்க யூனியன்ல சேந்துகிச்சா?"

அப்பா மேஜைக்காலுக்கு இன்னொரு அட்டையை மடித்தார்.

"இதுவா எங்க ஓ.டி.ய கணக்குப் போடப் போவுது? நல்லாத்தான் கீது. ஆபீஸ்ல கையால எழுதனாலே ரெண்டு மணி நேரத்த முழுங்கிடறானுங்க. இதுல பொட்டப்புள்ள வேற."

அத்தை விசைப்பலகையைத் தட்டி அவருடைய பெயரைத் திரையில் நிறுத்தினாள். அப்பா எழுந்து நின்றார்.

"தோ பாரு. உனுக்கு எத்தினி மணி நேரம் ஓ.டி.ன்னு இதுல கீது. நானே பாத்தேன், ஒரு நிமிஷம் உட்டுப் போவல. திங்கக்கெழமை எந்தங்கச்சி ஆபீஸ்ல உக்காந்து போடுவா. கொறைஞ்சா வந்து என் சட்டையப் புடி."

"சொல்லிட்ட, அப்பால பேச்சு மாறக் கூடாது."

"சொன்னா சொன்னதுதான்."

மாமா போய்விட்டார். அப்பா தாம் சொன்னது அப்போதுதான் தமக்கே கேட்டதுபோல நின்றார். சமையலறையிலிருந்து வந்த அம்மா, முந்தானையில் கை துடைத்துக்கொண்டு, "பூஜைதான் முடிஞ்சிடுச்சே, அந்தப் பொட்டையெல்லாம் தொடைச்சிடு. காஞ்சி உதுருது" என்று அத்தையிடம் ஈரத்துணியை நீட்டினாள்.

அத்தை திரையின் நெற்றியில் தொடங்கினாள். மூலைகளைத் துடைத்தாள். கடைசியில் ஒரு பொத்தானில் காய்ந்திருந்த குங்குமத்தை அழுத்தித் துடைத்தாள். டக்கென்று ஒரு சத்தம். பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. முகம் கழுவிவிட்டதும் அதற்குச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். அத்தை கணக்கை ஓட்டினாள். பெயர்கள் விருட்டென்று ஓடின.

"ரசமட்டம்" என்றார் அப்பா. சாகும்வரை அதைத்தான் சொன்னார்.

அதற்குள் கண்ணாடி அறையில் சிமெண்ட் காய்ந்திருந்தது. திங்கட்கிழமை அத்தை அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போனாள். ஈரத்துணியால் துடைத்தால் கம்ப்யூட்டர் குணமாகும் என்பது அன்று என் மூளையில் பதிந்தது, இன்னும் போகவில்லை.

கல்லூரி ஆய்வகத்தின் மூலையில் அதே மாதிரி ஒரு பழைய பெட்டியைப் பார்த்தபோதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் 'டர்போ' என்று ஒரு பொத்தான் இருக்கும். ஒரு தடவை அழுத்தினால் வேகம் வெகுவாகக் குறையும், மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகும். ஆக, அப்பாவின் கட்டைவிரல் கெடுத்தது, அத்தையின் துணி தற்செயலாகச் சரிசெய்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை, என்னைத் தவிர. இதுதான் நான் விருந்துகளில் சொல்லி வந்த கதை.

அத்தை அந்தக் கம்பெனியிலேயே சம்பளப் பிரிவைக் கடைசிவரை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள். போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். என் மகள் ஈரத்துணி விவகாரத்தைப் போட்டுக்கொடுத்தாள். மானத்தைக் காப்பாற்ற நான் முழுக் கதையையும் சொன்னேன். டர்போ பொத்தானைக் காகிதத்தில் வரைந்தும் காட்டினேன். அத்தை பொறுமையாகக் கேட்டுக்கொண்டு காபியைக் குடித்து முடித்தாள்.

"இத்தக் கண்டுபுடிக்க காலேஜ் வரைக்கும் போனியா? ஆன் பண்ணதுமே பாத்தேன்டா, மஞ்ச லைட்டு எரியல. கோர்ஸ்ல மொத வாரமே அந்த பட்டனச் சொல்லிக் குடுத்துட்டாங்க."

"அப்ப ஏன் அத்தை சொல்லல? ரெண்டு நாளா அப்பா கெடந்து அவஸ்தைப்பட்டாரே."

"சொல்லியிருந்தா மெஷின் ஒரு நிமிஷத்துல சரியாயிருக்கும். எங்கண்ணன் சரியாயிருக்க மாட்டாரு."

உள்ளே இருந்த அம்மாவிடமாவது முதலில் போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன்.

"எங்க போற? உங்கம்மாகிட்டயா?" என்றாள் அத்தை. "அந்தத் துணிய ரெண்டு நாளா நனைச்சி வெச்சிகினு நின்னதே அவங்கதாண்டா."