சித்தேரிக்கு வாங்கிய கண்ணாடி

சித்தேரி மலையில் சைக்கிள் ஓட்ட ஒரு கண்ணாடிக்காக மாதம் முழுக்க அலைந்தேன். கறுப்புக் கண்ணாடி ஆகாது, மர நிழலில் குழி தெரியாது. கல் பட்டால் உடையக் கூடாது, பக்கவாட்டில் தூசி நுழையக் கூடாது. கடைக்காரர்களைப் படுத்தியெடுத்து, நிறமில்லாத ஒன்றை வாங்கினேன்.

அதைப் போட்டுக்கொண்டு மலையிறங்கிய முதல் நாள், ஒரு வளைவில், வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று சாலையில் ராகிக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். எதிரே வந்த பஸ் அதன்மேல் ஏறியதும் தூசியும் உமியும் என் முகத்தில் வந்து அடித்தன. அடுத்த நொடி நான் ஓரத்துக் கதிர்க் குவியலில் கிடந்தேன்.

கதிரைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்மணி என்னை எழுப்பி உட்காரவைத்து, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

"இவ்ளோ நல்ல கண்ணாடிய போட்டுக்கிட்டு, கண்ண ஏங்க மூடுனீங்க?" என்றார்.