கருவாட்டுப் பரணில் காய்ந்த கடல் ராசா

இரண்டு வருடங்களுக்கு முன், கச்சான் காற்று மண்ணை அள்ளி வீசும் ஆவணி மாதத்தில் குறிஞ்சிப்பிட்டியில் நடந்தது இது. நான் அங்கே பாலர் பாடசாலை ஆசிரியை. எங்கள் மாதர் சங்க விழாவுக்கு ஒரு நாடகம் போடலாம் என்று வாயை விட்டதும் நான்தான். நடிக்க ஆறு பெண்கள் வந்தார்கள். ஆனால் ஆறு பேருக்கும் ஒரே பிடிவாதம், முகம் தெரியக்கூடாது.

"மாமி முன் கதிரையில வந்து குந்துவா. என்ட மூஞ்சி தெரிஞ்சா நான் மேடைக்கே வரமாட்டன்" என்று கடல் ராசாவாக நடிக்க இருந்தவள் சொல்லிவிட்டாள். ஆக, முகமூடி இல்லையென்றால் நாடகமே இல்லை.

விடுவேனா? புத்தளம் டவுனில் நடந்த மூன்று நாள் பயிற்சிக்குப் பஸ் ஏறிவிட்டேன். களிமண்ணில் முகம் பிடிப்பது, அதன்மேல் பேப்பரைக் கிழித்துக் கோதுமை மாப் பசையில் தோய்த்து ஒட்டுவது... செய்யச் செய்ய எனக்குத் தலைகால் புரியவில்லை. மூக்கை ஒரு விரலால் தூக்கிவிட்டால் திமிர் பிடித்த முகம். புருவத்தை இறக்கினால் அழுமூஞ்சி! திரும்பி வரும்போது பஸ்ஸில் எதிரே இருந்தவர்களின் மூக்கையெல்லாம் கண்ணால் அளந்துகொண்டே வந்தேன். ஐந்து அடுக்கு ஒட்டவேண்டும், ஓர் அடுக்கு காய்ந்த பிறகுதான் அடுத்தது என்று பயிற்சி தந்தவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவசரக்காரி நான் கேட்டால்தானே! வீட்டுக்கு வந்ததும் ஆறு முகங்களுக்கும் ஐந்து அடுக்கையும் ஒரே மூச்சில் ஒட்டி, மண்ணோடு அப்படியே முற்றத்து வெயிலில் வைத்துவிட்டேன்.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது பார்த்தால், ராசாவின் கன்னம் வெடித்து, வாய் ஒரு பக்கம் கோணிக் கிடந்தது. மற்ற ஐந்தும் மேலே காய்ந்திருந்தன. அழுத்தினால் உள்ளே சதசதவென்று ஈரம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, நாடகம் சரிவராது என்று சொல்ல சங்கத் தலைவி வீட்டுக்குப் புறப்பட்டேன்.

வழியில், கருவாடு காயப்போடும் வாடியருகே, பெட்டியை மூடியிருந்த துணியைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனது. அதை ஓடிப்போய்ப் பிடித்தவள் வாடியில் வேலை செய்த பெண். என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். துணியைத் தந்துவிட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அல்லாவே! என்ன டீச்சர் இது, ஆறு பேருட தலைய வெட்டிக் கொண்டு போறீங்க?"

அழாக்குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மீனை அழுத்திப் பார்ப்பது போல ஒவ்வொரு கன்னத்தையும் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"வெயில் மேலதான் காய வைக்கும். உள்ளுக்குக் காத்துப் போகோணும். பாரை மீனப் பிளக்காமக் காயப் போட்டாப் புழுத்துப் போகாதா? முதல்ல அந்த மண்ணக் கழட்டுங்க" என்றவள், ஒரு சிரிப்போடு சொன்னாள்: "இண்டைக்குத்தான் நீங்க மூக்கப் பொத்தாமக் கதைக்கிறீங்க டீச்சர்."

உண்மைதான். தினமும் அந்த வாடியை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடப்பேன். அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனேன்.

அவள் அதற்குள் பெட்டியை வாடி நிழலுக்குத் தூக்கிப் போயிருந்தாள். இருவருமாக மண்ணைக் கழற்றினோம். முகங்கள் சப்பையாகிவிடாமல் உள்ளே பழைய வலைத் துண்டுகளை அடைத்தாள். கம்பு நட்டு வலை விரித்த பரணில், சூடை மீனுக்கு நடுவில் ஐந்தையும் வானம் பார்க்கக் கிடத்தி, பறந்துவிடாமல் மேலேயும் ஒரு வலை போட்டாள். மேலும் கீழும் காற்று வீசியது. நான் வீட்டிலிருந்து பேப்பரும் பசையும் கொண்டுவந்து, கழற்றிய மண்ணிலேயே ராசாவுக்குப் புது முகம் பிடித்து, நிழலில் இருந்து ஒட்டத் தொடங்கினேன். ஓர் அடுக்கு முடிந்ததும் பரணில் வைப்பேன். அடுத்ததை ஒட்டப் போனால், "இன்னும் இல்ல டீச்சர்" என்று தடுத்துவிடுவாள்.

மத்தியானம் போல அவள் திடீரென்று கூவினாள். "டீச்சர், காகத்தப் பாத்தீங்களா?"

ஒரு காகம்கூடப் பரணில் இல்லை! நாள் முழுக்கத் தடியோடு நின்று அவள் விரட்டும் காகங்கள் அத்தனையும் தென்னையில் இருந்து கத்திக்கொண்டிருந்தன. பரணில் கிடந்த ஐந்து முகங்களையும் கண்டு ஒன்றுக்கும் இறங்கத் தைரியமில்லை. வயிறு நோகச் சிரித்தோம். "எனக்கு அந்தக் கோண வாயனத் தாங்க" என்று வெடித்துப்போன ராசாவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் தட்டிப் பார்த்தால் ஆறும் டொக் டொக்கென்றன! அவசர அவசரமாகப் பெயின்ட் அடித்து மேடையேற்றினோம். முகம் மறைந்ததும் எங்கள் பெண்களுக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ! ராசா போட்ட அதட்டலில் முன்வரிசைக் குழந்தைகள் வீரிட்டழுதன. "ஆரு இந்த ராசா? நல்லா நடிக்கிறான்" என்று மாமியாரே பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாராம். கருவாட்டு மணத்துக்கு ஒரு பூனை மேடையேறி ராசாவைச் சுற்றிச் சுற்றி வர, சனம் அதற்கும் கைதட்டியது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள், மூன்றாம் வரிசையில் இருந்த வாடிப் பெண்தான்.

அந்த ஆறு முகங்களும் அந்த ஒரு நாள் நடித்ததோடு சரி, இப்போது சங்க அலுமாரியில் கிடக்கின்றன. கோண வாயன் மட்டும் வாடியில் ஒரு கம்பின் உச்சியில் நின்று இன்றும் காகம் விரட்டுகிறான். காகங்கள் பழகிவிடாதபடி அவள் தினமும் அவனை இடம் மாற்றி வைக்கிறாள், மழை வந்தால் உள்ளே எடுத்துவிடுகிறாள். நான் குப்பை என்று நினைத்ததை ஒருத்தி வேலைக்கு வைத்திருப்பதைப் பார்த்தபடி, மூக்கைப் பொத்தாமல், ஸ்கூட்டரை மெதுவாக்கி அவளுக்கு ஒருமுறை கையசைத்துவிட்டுப் போனால்தான் எனக்கு அன்றைய நாளே தொடங்குகிறது.