எல்லோருக்கும் சொந்தமாக இருந்த இயங்குதளம்

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் கணினி ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்தபோது கணினி அறை என்று எனக்குத் திறந்து காட்டிய அறையில் இருந்தவை எல்லாம் பழசு. சென்னையில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்டதை யாரோ நல்ல மனசோடு லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். பாதிக்கு மேல் உயிரோடுதான் இருந்தன. ஆனால் சுவிட்சைப் போட்டால் திரை முழுசாக வருவதற்குள் பாடவேளை முடிந்துவிடும். ஆபரேட்டிங் சிஸ்டம் என்கிற இயங்குதளத்தில் புதிதாக வந்த எதையும் அவற்றால் தாங்க முடியாது.

கல்லூரியில் என்னோடு படித்த நண்பனைக் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்து மலையடிவாரப் பெரிய கோயிலில் பூசை செய்யும் குருக்கள் குடும்பம் அவனுடையது. அண்ணன்கள் முறை வைத்துக் கோயிலுக்குப் போக, அவன் ஒருவன் மட்டும் நிரல் எழுதப் போனான். ஒரு சனிக்கிழமை பென்டிரைவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தான். உலகத்தின் பல மூலைகளில் இருந்தவர்கள் சேர்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமலே உருவாக்கிக்கொண்டிருந்த ஓர் இயங்குதளத்தை அந்தக் கணினிகளில் போட்டான். லினக்ஸ் வகையைச் சேர்ந்தது. சாயங்காலத்துக்குள் எல்லாம் ஓட ஆரம்பித்தன.

இது யாருடையது என்று கேட்டேன்.

"யாருதும் இல்ல. எல்லாருதும்தான். உனக்கு ஒண்ணு புடிக்கலன்னா நீயே உள்ள போயி மாத்திக்கலாம்," என்றான்.

நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். கிணற்றுத் தண்ணீருக்கும் வரப்புக்கும் அப்பா அலைந்த அலைச்சலைப் பார்த்து வளர்ந்தவள். எல்லோருக்கும் சொந்தம் என்று ஒரு பொருள் இருக்க முடியும் என்பதே எனக்குப் புதுசாக இருந்தது. அதை நம்பினேன். கொஞ்சம் ஜாஸ்தியாகவே நம்பினேன் என்று இப்போது தோன்றுகிறது.

பிள்ளைகளுக்குத் திரையில் ஆங்கிலத்தில் இருந்த மெனுப் பட்டியல்கள் புரியவில்லை. நண்பனிடம் அதைச் சொன்னபோது, இதற்கான தமிழாக்கக் குழுவில் ஆளே இல்லை, நாம் செய்யலாம் வா என்றான். அப்படித்தான் ஆரம்பித்தது. பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்ததும் சமையலுக்கு முன்னால் கொஞ்ச நேரம், ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுதலாக. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், மதுரையிலிருந்து ஒருவர், கனடாவிலிருந்து ஓர் அம்மா என்று மெல்ல ஆள் சேர்ந்தது. ஒரு சொல்லுக்கு வாரக்கணக்கில் சண்டை போடுவோம். ஒரு செயலை வேண்டாம் என்று நிறுத்தும் பட்டனுக்கு நான் 'ரத்து' என்று எழுதினேன். அது தமிழே இல்லை என்றார் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் ஊரில் பஸ்ஸிலிருந்து பத்திரம் வரை எல்லாமே ரத்துதான் ஆகிறது என்று பதில் போட்டேன். 'கைவிடு' என்றார் மதுரைக்காரர். கைவிடு என்று எழுதியிருக்கிற பட்டனை அழுத்தப் பிள்ளைகளுக்கு மனசு வராது என்று என் நண்பன் எழுதினான். கடைசியில் ரத்து ஜெயித்தது. அடுத்த பதிப்பு வந்தபோது என் வகுப்பில் ஒரு பெண் யாரையும் கேட்காமல் அந்தப் பட்டனை அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள். அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்கு அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

இயங்குதளத்தின் மைய நிரல்களை எழுதிவந்த சிலர் முதலில் ஒரு சின்ன கம்பெனி வைத்தார்கள். நன்கொடையை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடியவில்லை என்றார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது, அவர்களுக்கும் பிள்ளை குட்டி உண்டு. பிறகு ஒரு நாள் அந்தச் சின்ன கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது என்று எல்லோருக்கும் அறிவிப்பு வந்தது. எதுவும் மாறாது என்று அதிலேயே மூன்று இடத்தில் எழுதியிருந்தார்கள். எனக்கு அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. நண்பனுக்கு மகிழ்ச்சி. இனி தமிழுக்குச் சரியான எழுத்துருக்கள் வரும், சோதனை செய்ய ஆள் வரும் என்றான். சில மாதங்களில் அவனையே வேலைக்குக் கூப்பிட்டார்கள், இந்திய மொழிகளைக் கவனித்துக்கொள்ள.

போகாதே என்று நான் சொல்லவில்லை. யோசித்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

"வெளிய நின்னு கத்தறதவிட உள்ள போயி புடிச்சிக்கலாம்னு தோணுதுபா. நம்ம ஆளு ஒருத்தன் உள்ள இருந்தா நல்லதுதானே," என்றான்.

மாற்றங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது. இனி சொல் அனுப்புகிறவர்கள் அதன் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், வழக்கு ஏதும் வந்தால் பாதுகாப்பு என்றார்கள். கணினியைத் திறக்கவே கம்பெனியில் ஒரு கணக்கு வேண்டும், தொலைந்தால் மீட்டுத் தரலாம் என்றார்கள். மின்னஞ்சலில் பேசிக்கொள்ளும் எங்கள் பழைய மடலாடல் குழுவை மூடிவிட்டு, அவர்களுடைய தளத்தில் வந்து பேசச் சொன்னார்கள். அங்கே நாங்கள் போடும் கேள்விகளுக்கு நன்றி என்று பதில் வரும், அதற்கு மேல் ஒன்றும் வராது. முழு மூல நிரல் இனி பணம் கட்டும் வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தான் என்று ஆனது. இது சட்டப்படி சரியா என்று கனடா அம்மா கேட்டதற்கு, சரிதான் என்று ஒரு வக்கீல் நீளமாக எழுதினார். பிறகு, பழைய கணினிகளுக்கு இனி புதிய பதிப்பு கிடையாது என்று அறிவித்தார்கள். எங்கள் பள்ளி அறை மொத்தமும் அதில் அடிபட்டது.

அடுத்து வந்ததைத்தான் இரண்டு முறை படித்தேன். இந்திய மொழிகளின் தன்னார்வக் குழுக்கள் கலைக்கப்படுகின்றன, மொழிபெயர்ப்பை இனி இயந்திரமே செய்யும், இத்தனை காலம் உழைத்தவர்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி என்று அந்த அறிவிப்பு சொன்னது. கீழே என் நண்பனின் கையொப்பம்.

போனில் பேச எனக்கு விருப்பமில்லை. மறுநாள் அவன் வீட்டுக்கே கிளம்பினேன். பௌர்ணமி என்பதை மறந்துவிட்டேன். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோ எதுவும் அவன் வீடு இருக்கிற வேங்கிக்கால் பக்கம் வர மாட்டேன் என்றது. கிரிவலத்துக்கு வந்து இறங்கிய கூட்டம் எதிரே வர, அதில் இடித்துக்கொண்டே நடந்து போய்ச் சேர்ந்தேன். புதிதாகக் கட்டிய வீடு. அவன் மனைவி காபி கொடுத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்து உள்ளே போய்விட்டாள்.

அந்த அறிவிப்பை நீதான் எழுதினாயா என்று கேட்டேன்.

"எழுதிக் குடுத்தாங்க. என் பேரு போட்டா ஜனங்க கோவப்பட மாட்டாங்கன்னு நெனச்சாங்க," என்றான்.

கூட்டத்துக்குக் கூட்டம் தான் பேசிப் பார்த்ததைச் சொன்னான். பள்ளிக்கூடங்களைப் பற்றி, பழைய கணினிகளைப் பற்றி, எங்கள் குழுவைப் பற்றி எல்லாம் எடுத்துச் சொன்னானாம். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்களாம். ஒருவர் கண்கலங்கக்கூடச் செய்தாராம். அதன் பிறகு ஏற்கெனவே முடிவு செய்ததையே செய்தார்கள்.

"அங்க யாரும் கெட்டவங்க இல்ல. கெட்டவன் ஒருத்தன் இருந்தா சண்டையாவது போடலாம்," என்றான்.

பழைய நிரல் நம்மிடம் இருக்கிறதே, அதை எடுத்துத் தனிக் கிளையாக நாமே நடத்தக் கூடாதா என்று கேட்டேன். அந்த உரிமையை எவனும் பிடுங்க முடியாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் எனக்குப் பயம் வந்தது.

"எடுத்துக்கலாம். யாரு தடுக்கறா? ஆனா அத யாரு தெனமும் பாத்துக்கறது? நாம தன்னார்வம் தன்னார்வம்னு சொல்லிட்டு இருந்தோமே, அடியில இருக்கற நிரல்ல முக்காவாசி இந்த மாதிரி கம்பெனிங்க சம்பளம் குடுத்து எழுத வெச்சதுதான். உள்ள போன பொறவுதான் எனக்கே தெரிஞ்சுது. நம்ம கையில இருந்தது மேல ஒட்டின பேருங்க மட்டும்தான்பா."

நான் காபியைக் குடித்து முடித்தேன். திரும்பும்போது ஊர் எல்லை வரை அவனும் கூட வந்தான். கூட்டத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது என்பது அன்று இருவருக்கும் வசதியாக இருந்தது.

அந்த வருடம் முடிவதற்குள் அவனையும் அவன் பிரிவில் இருந்தவர்களையும் கம்பெனி வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. எனக்கு அதில் துளியும் திருப்தி இல்லை. அவனே கூப்பிட்டு, வா, அந்தக் கிளையைத்தான் ஆரம்பித்துப் பார்ப்போம் என்றான். பழைய குழுவுக்கு எழுதினோம். மதுரைக்காரர் உடனே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தமிழ் இல்லாத சொற்களை மாற்றுவதாக இருந்தால் வருகிறேன் என்றார், அப்படியே வரவும் செய்தார். கனடா அம்மாவிடமிருந்து பதில் இல்லை. அவர் மகள் பிறகு எழுதினாள், அம்மா தவறிவிட்டார் என்று.

கொஞ்ச காலம் நடந்தது. என் பள்ளிக் கணினிகளில் எங்கள் கிளையைப் போட்டோம், ஓடியது. ஆனால் எங்காவது ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. ஒன்றை அடைப்பதற்குள் அடுத்தது வரும். அடைக்கும் வழியைப் பெரிய கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் கொடுக்கும். நாங்கள் ஊகித்து அடைப்போம். இணைய உலாவியின் புதிய பதிப்பு எங்கள் கிளையில் ஏற மறுத்தது. அது ஏறாததால் பாடத்துக்கு வேண்டிய தளங்கள் திறக்கவில்லை. மதுரைக்காரருக்கு வேலை மாற்றம் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரரின் பதில்கள் வரவரக் கம்மியாகி நின்றன. நண்பன் வேறு வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனான். அதுவும் அந்த மாதிரி ஒரு கம்பெனிதான். மூடிவிட்டோம் என்று யாரும் அறிவிக்கவில்லை. படிக்க ஆள் இருந்தால்தானே அறிவிக்க.

போன கல்வியாண்டில் பள்ளிக்குப் புதிய கணினிகள் வந்தன. நன்கொடையாக வந்தவை. எங்கள் பழைய இயங்குதளத்தின் இன்றைய பதிப்பு அவற்றில் இருந்தது, கம்பெனியின் பெயரோடு. எச்.எம். வாசலில் கோலம் போடச் சொன்னார், சாமிக்குத் தேங்காய் உடைத்தார். ஒவ்வொரு பிள்ளையும் கணினிக்குள் நுழைய வீட்டுப் போன் எண்ணையும் பிறந்த நாளையும் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்காமல் முடியாதா என்று நான் கேட்டேன். பொருத்த வந்த ஆட்கள், எல்லா இடத்திலும் கொடுக்கிறார்கள் மேடம் என்றார்கள். எச்.எம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கிடைத்ததைக் கெடுத்துவிடாதீர்கள் என்று தன்மையாகத்தான் சொன்னார்.

முதல் வகுப்பிலேயே ஒரு பையன் கேட்டான், "மிஸ், சரி சொடுக்குன்னா என்ன மிஸ்? தப்பு சொடுக்குன்னு ஒண்ணு இருக்கா?"

'ரைட் கிளிக்' என்பதற்கு நாங்கள் 'வலது சொடுக்கு' என்று வைத்திருந்ததை இயந்திரம் அப்படி மாற்றியிருந்தது. மவுஸின் வலது பக்கப் பட்டனை அழுத்துவதுதான் அது என்று விளக்கினேன். திருத்தம் அனுப்பும் இடத்தைத் தேடினேன். நட்சத்திரம் போட்டு மதிப்பிடும் இடம் ஒன்றுதான் இருந்தது. அரையாண்டுத் தேர்வில் பாதிப் பிள்ளைகள் சரி சொடுக்கு என்றே எழுதினார்கள். திரையில் இருப்பதைத்தானே எழுதுவார்கள். மதிப்பெண் போட்டேன்.

பாடப்புத்தகத்தில் திறமூல மென்பொருள் பற்றி ஒரு பகுதி உண்டு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று அதில் இருக்கிறது. முன்பெல்லாம் அந்தப் பாடத்துக்கு இரண்டு வகுப்பு எடுத்துக்கொள்வேன், நாங்கள் செய்ததை எல்லாம் சொல்லிக் காட்டுவேன். இந்த முறை வாசித்துவிட்டு, முக்கியமான வரிகளை அடிக்கோடிடச் சொன்னேன். பிள்ளைகள் அடிக்கோடிட்டார்கள். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். யாரும் கேட்கவில்லை.